ஒளி படிக்கும் காந்த எழுத்து

சிரம்பான் நகரை அடுத்த ரஹாங் வட்டாரத்தைச் சுற்றிலும், நெகிரி செம்பிலான் மாநிலம் நெடுகிலும் பரந்து கிடந்த இரப்பர்த் தோட்டங்களில், ஒரு தலைமுறைக்கு முன்பு பொழுது புலர்வதற்குள்ளாகவே வேலை தொடங்கிவிடும். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தத்தம் நிரைக்குச் சென்றவர்கள், நெற்றியில் கட்டிய விளக்கின் துணையோடு மரத்துக்கு மரம் நகர்ந்தார்கள். அச்சிறு ஒளிவட்டம் பட்டையின்மீது விழும். முன்பு உளி சென்ற கோடு எங்கே முடிந்தது, இன்னும் எத்துணை மெல்லியதாகச் சீவ வேண்டும், மங்கு சரியாகப் பொருந்தியிருக்கின்றதா என்பவற்றையெல்லாம் அவ்வொளியிலே அவர்கள் படித்துவிடுவார்கள். சம்பளப் பதிவேட்டில் கைநாட்டு வைத்தவர்களும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களை இவ்வாறு படித்தார்கள். அவர்களை எழுத்தறியாதவர் என்று சொல்லலாம். படிக்கத் தெரியாதவர் என்று சொல்லுதல் பொருந்தாது.

அவர்கள் இட்ட வெட்டுக்கோட்டில் நுட்பம் ஒன்று உண்டு. மரத்தை நோக்கி நிற்பவருக்கு அக்கோடு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் செல்லும். பால் வழிந்தோடுவதற்குச் சரிவு வேண்டும் என்பது எவர்க்கும் விளங்கும். ஆனால் அச்சரிவு ஏன் இடமிருந்து வலமாக இறங்க வேண்டும்? பட்டைக்குள் ஓடும் பால்நாளங்கள் நேர் செங்குத்தாக நிற்பதில்லை. மேலே செல்லச் செல்ல வலப்புறமாகச் சில பாகையளவு சாய்ந்து செல்கின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு, மாற்றுத் திசையில் இறங்கும் வெட்டைக் காட்டிலும் மிகுதியான நாளங்களைத் திறக்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத சிறு சாய்வு ஒன்று, மங்கில் விழும் பாலின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வல்லதாயிருக்கின்றது. சிறு சாய்வுகளை அறிந்து பயன்கொள்ளுதல் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய கலையன்று.

இன்றைய இயற்பியல் அறிஞர்கள் சிலர் ஈடுபட்டிருக்கும் பணியும் ஒரு வகையில் சாய்வைப் படிக்கும் பணியேயாகும். தலைமுடியின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத காந்தப் புள்ளிகளில் செய்திகளை எழுதி, அவற்றின்மீது ஒளியைச் செலுத்தி, அவ்வொளி எப்பக்கம் சாய்கின்றது என்று பார்த்து, எழுதியதைத் திரும்பப் படிக்க அவர்கள் முயல்கின்றனர். அதுவும் ஆய்வுக்கூடத்து மேசைமீது கண்ணாடிவில்லைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு அன்று; விரல்நகம் அளவேயான சில்லு ஒன்றனுள்ளே. இதன் பொருளையும் வரலாற்றையும் தமிழ் மாணவர் அறிந்துகொள்ளுதல் நலம்.

காந்தத்தில் எழுதுதல் என்பது வியப்பான செய்தியன்று. தோட்டத்து வீடுகளில் ஒலித்த ஒலிநாடா ஒவ்வொன்றும் காந்த எழுத்தே. பழுப்பு நிற நாடாவில் பூசப்பட்ட நுண்துகள்கள், பாடுவோரின் குரலுக்கேற்பக் காந்தமுற்று அந்நிலையிலேயே நின்றன. மின்சாரம் நின்றாலும் எழுதியது அழிவதில்லை. பெட்டிக்குள் பல்லாண்டுகள் கிடந்தாலும் குரல் உறங்கிக் காத்திருக்கும். கணினித் தட்டுகளும் இவ்வாறே இயங்குகின்றன. 1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் காந்தத் தட்டுக் கருவியில் ஐம்பது தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. அனைத்தும் சேர்ந்து ஐம்பது இலட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று உள்ளங்கையளவு தட்டுப்பெட்டி ஒன்று அதைப்போல் பல இலட்சம் மடங்கு தாங்குகின்றது. அளவு மாறியதேயன்றி அடிப்படை மாறவில்லை. காந்தத்தின் வடமுனை மேல்நோக்கினால் ஒன்று, கீழ்நோக்கினால் சுழியம்; இவ்விரண்டு குறிகளாலேயே உலகத்துச் செய்தியெல்லாம் எழுதப்படுகின்றது.

எழுதியாயிற்று, படிப்பது எவ்வாறு? மின்கருவியொன்றை அருகிற் கொண்டுசென்று காந்தப்புலத்தை உணரச் செய்வது ஒரு வழி. மற்றொன்று ஒளியைக் கொண்டு படிப்பது. இவ்வழியை விளங்கிக்கொள்ள ஒளியின் இயல்பு ஒன்றனை முதலில் அறிதல் வேண்டும்.

நீண்ட கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி மறுமுனையைப் பிடித்து அசைத்தால் அலை எழும். கையை மேலும் கீழும் அசைத்தால் அலையும் மேலும் கீழுமாக ஆடும். பக்கவாட்டில் அசைத்தால் பக்கவாட்டில் ஆடும். நெடுக்குச் சட்டங்கள் அடித்த வேலியின் இடுக்கில் அக்கயிற்றை நுழைத்துவிட்டால், மேல்கீழாக ஆடும் அலை மட்டுமே அப்பால் செல்லும். ஒளியும் அலையே. விளக்கொளியில் அலைகள் எல்லாத் திசையிலும் ஆடுகின்றன. அவற்றுள் ஒரு திசையில் ஆடுபவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் அது முனைவுற்ற ஒளி எனப்படும். கண் கூச்சத்தைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடிகள் சிலவற்றில் இவ்வாறு பிரிக்கும் தகடு உண்டு. அத்தகைய கண்ணாடிகள் இரண்டினை ஒன்றன் முன் ஒன்றாகப் பிடித்து, ஒன்றை மெல்லச் சுழற்றினால், ஒரு நிலையில் ஒளி தடையின்றி வரும்; கால்வட்டம் சுழற்றியதும் இருள் சூழும். தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலேயே செலவின்றிச் செய்து காட்டத்தக்க சோதனை இது. இருளும் ஒளியும் ஒரு கோணத்தைப் பொறுத்தன என்று கண்ட மாணவன், பின்வரும் வரலாற்றை எளிதில் உணர்ந்துகொள்வான்.

இலண்டனில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் பாரடே, ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு இருந்தே தீரும் என்று நெடுங்காலம் நம்பினார். முயன்ற சோதனைகள் பல பயனற்றுப் போயின. 1845ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், தாம் முன்பு உருவாக்கிவைத்திருந்த ஈயம் கலந்த கனத்த கண்ணாடித் துண்டு ஒன்றை வலிமைமிக்க மின்காந்தத்தின் அருகே வைத்து, அதனூடே முனைவுற்ற ஒளியைச் செலுத்தினார். காந்தத்துக்கு மின்சாரம் பாய்ச்சியதும் ஒளி ஆடும் தளம் சற்றே திரும்பியது. மின்சாரத்தை நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்தது. ஒளியும் காந்தமும் உறவினர் என்பதற்குக் கிடைத்த முதற்சான்று அதுவேயாகும். ஒளியென்பது மின்காந்த அலையே என்று மாக்ஸ்வெல் 1865இல் நிறுவிய பேருண்மைக்கு வழியமைத்தவற்றுள் இக்கண்டுபிடிப்பும் ஒன்று.

ஆயினும் பாரடே கண்டது கண்ணாடியை ஊடுருவிச் செல்லும் ஒளியில். இரும்பு, கோபால்ட் முதலிய காந்த உலோகங்களை ஒளி ஊடுருவாதே! அவற்றின் காந்தநிலையை ஒளியால் எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த ஆசிரியர் ஒருவர் என்பது, ஆசிரியப் பெருமக்கள் பெருமையோடு நினைவிற் கொள்ளத்தக்கது. ஜான் கெர் என்னும் அவர், வில்லியம் தாம்சனிடம் பயின்றவர். கிளாஸ்கோ நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் 1857 முதல் கணிதம் கற்பித்தவர். மின்காந்தத்தின் முனையைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, அதன்மீது முனைவுற்ற ஒளியைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியை ஆராய்ந்தார். காந்தமுற்ற முனையிலிருந்து திரும்பிய ஒளி சற்றுச் சாய்ந்திருந்தது. காந்தத்தின் திசையை மாற்றியபோது சாய்வின் திசையும் மாறியது. 1876இல் அறிஞர் கூட்டமொன்றில் இதனை வெளியிட்டார். அடுத்த ஆண்டு கட்டுரையாக அச்சேறியது. கெர் விளைவு என்று அவர் பெயராலேயே அது வழங்குகின்றது.

இச்சாய்வின் காரணம் அழகானது. நேராக ஆடும் ஒளியலையை இரண்டு சுழலலைகளின் கூட்டு என்று கொள்ளலாம். ஒன்று வலஞ்சுழி, மற்றொன்று இடஞ்சுழி. இரண்டும் ஒத்த வேகத்தில் சுழலும்வரை அவற்றின் கூட்டு நேர்கோட்டிலேயே ஆடும். காந்தமுற்ற பொருளோ வலஞ்சுழியையும் இடஞ்சுழியையும் ஒன்றுபோல் நடத்துவதில்லை. ஒன்று சற்றே பிந்துகின்றது. பிந்தியவுடன் கூட்டின் கோடு சாய்கின்றது. காந்தம் தலைகீழானால் பிந்துவதும் மற்றதாகின்றது. கோடு மறுபக்கம் சாய்கின்றது. சாய்வின் அளவு மிகச் சிறிது. ஒரு பாகையைக்கூட எட்டுவதில்லை. ஆனாலும் அது வலமா இடமா என்று அறிந்தால் போதும். அப்புள்ளியில் எழுதியிருப்பது ஒன்றா சுழியமா என்று தெரிந்துவிடும்.

ஒளியும் காந்தமும் சந்திக்கும் இத்துறையில் தமிழர் கைகட்டி நின்றவரல்லர். வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1928இல் சி. வி. இராமனோடு இணைந்து இராமன் விளைவின் ஆய்வில் பங்குகொண்டவர். அதன்பின் டாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்த இயல்பை நுட்பமாக அளந்து உலகப் புகழ் எய்தினார். இராமனின் சகோதரி மகனான எஸ். இராமசேஷன், 1940களில் பெங்களூரில் வைரம் முதலிய படிகங்களில் பாரடே விளைவை அளந்து ஆராய்ந்தார். அவர்தம் தம்பி பஞ்சரத்தினம் 1956இல், இருபத்திரண்டு வயதில், முனைவுற்ற ஒளி பல நிலைகளைச் சுற்றிவந்து தொடங்கிய நிலைக்கே மீளும்போது அதன் அலைநிலையில் ஒரு மாற்றம் தங்கிவிடுகின்றது என்று கண்டறிந்தார். அவர் 1969இல் ஆக்ஸ்போர்டில் இளவயதிலேயே மறைந்தார். 1984இல் மைக்கேல் பெர்ரி என்னும் ஆங்கில அறிஞர் அதனையொத்த பொதுக் கோட்பாட்டை வெளியிட்ட பின்னரே, பஞ்சரத்தினம் முன்பே கண்டிருந்ததன் முழுப் பெருமை உலகுக்கு விளங்கிற்று. தமையனார் இராமசேஷனும் நித்தியானந்தாவும் 1986இல் அதனை எடுத்துக்காட்டினர். எழுதிவைத்தது இருந்தும் படிப்பாரின்மையால் அறிவு உறங்கிக்கிடந்ததற்கு இஃது ஒரு சான்று.

கெர் கண்ட விளைவு நூறாண்டுக்கு மேலாயிற்றுக் கடைவீதிக்கு வருவதற்கு. 1992இல் ஜப்பானின் சோனி நிறுவனம் மினிடிஸ்க் என்னும் சிறுதட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் எழுதும்போது, லேசர் ஒளி ஒரு புள்ளியைச் சூடாக்கும்; சூட்டில் காந்தம் தன் பிடிவாதத்தை இழக்கும்; அருகிலுள்ள காந்தத்தலை அதனை வேண்டிய திசைக்குத் திருப்பும்; குளிர்ந்ததும் அத்திசை நிலைத்துவிடும். படிக்கும்போது, மென்மையான லேசர் ஒளி புள்ளிகளைத் தடவிச் செல்லும். திரும்பிவரும் ஒளியின் சாய்வு இசையாக மாறும். பின்னர் வந்த மலிவான நினைவகங்களுக்கு முன் இத்தட்டால் நிற்க இயலவில்லை. 2013இல் சோனி அதன் இசைக்கருவிகளை நிறுத்தியது. 2025இல் வெற்றுத் தட்டுகளின் உற்பத்தியும் நின்றது. ஒரு கருவி மறைந்தது; அதனுள் உறைந்த கருத்து மறையவில்லை.

அக்கருத்து இன்று புதிய தேவையொன்றை முன்னிட்டு மீண்டும் எழுந்திருக்கின்றது. நாடு விட்டு நாடு செல்லும் செய்திகள் கடலடிக் கண்ணாடி இழைகளில் ஒளியாகவே பாய்கின்றன. ஆனால் சேர வேண்டிய இடம் வந்ததும் ஒளி மின்சாரமாக மாற்றப்படுகின்றது. மின்சாரம் நினைவகத்தில் எழுதுகின்றது. மீண்டும் வேண்டும்போது மின்சாரம் படித்து, ஒளியாக மாற்றி, இழையில் அனுப்புகின்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆற்றல் செலவாகின்றது; செலவானது வெப்பமாக வெளியேறுகின்றது. ஜொகூரில் அண்மைக்காலத்தில் பெருகிவரும் தரவு நிலையங்கள் எத்துணை மின்சாரமும் நீரும் கொள்ளும் என்னும் வினா இந்நாட்டில் எழுந்திருப்பதை எல்லாரும் அறிவர். ஒளியே நேரே எழுதி, ஒளியே நேரே படிக்குமானால், அவ்வீண்செலவில் ஒரு பகுதி குறையும். காந்தத்தில் எழுதியதோ மின்சாரமின்றியே நிலைத்திருக்கும். இவ்விரு நன்மைகளையும் இணைப்பதே அறிஞர்களின் நோக்கம்.

ஒளிச்சில்லு என்பது மின்கம்பிகளுக்கு மாறாக ஒளிக்கால்வாய்கள் பதித்த சில்லு. பட்டையில் வெட்டிய கோட்டின் வழியே பால் வழிவதுபோல, ஏறத்தாழ அரை மைக்ரோன் அகலமேயுள்ள சிலிக்கன் கால்வாயின் வழியே கண்ணுக்குத் தெரியாத செந்நிறத்திற்கப்பாற்பட்ட ஒளி வழிந்தோடுகின்றது. கால்வாயின்மேல் ஓரிடத்தில் மெல்லிய காந்தப்படலத்தை அமைத்தால், கடந்துசெல்லும் ஒளி அதனைத் தொட்டுச் செல்லும். தொட்டதும் சிறிது சாயும்.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. காந்தப்புள்ளி ஒளியின் அலைநீளத்தினும் சிறியது. ஆகவே ஒளியின் பெரும்பகுதி அதனை உணராமலே கடந்துவிடும். உலோகப்படலம் ஒளியை விழுங்கவும் செய்யும். படலத்தைப் பெரிதாக்கினால் சாய்வு கூடும், ஆனால் எஞ்சும் ஒளி குறையும். குறுகிய கால்வாயில் கிடையாக ஆடும் ஒளியும் நெடுக்காக ஆடும் ஒளியும் வெவ்வேறு வேகத்தில் செல்வதால், பிறந்த சாய்வு வழியிலேயே குழம்பிவிடும். இத்தடைகளைக் கடக்க, பொன் முதலிய உலோகங்களின் நுண்ணமைப்புகளைக் கொண்டு ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கின்றனர். சாய்ந்த சிறு பகுதியை, ஒளியின் மிகுதி குறைவாக மாற்றும் அமைப்புகளைக் கால்வாயிலேயே பொருத்துகின்றனர். இறுதியில் ஒளியுணர் கருவி காண்பது மிகுதியா குறைவா என்பதை மட்டுமே.

எழுதுவதிலும் முன்னேற்றம் உண்டு. நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து ஆய்வாளர்கள் 2007இல், காந்தத்தலை எதுவுமின்றி, நாற்பது பெம்டோ வினாடி மட்டுமே நீடித்த லேசர் துடிப்புகளைக் கொண்டே கடோலினியம், இரும்பு, கோபால்ட் கலந்த படலத்தில் காந்தத்தைத் திருப்பிக் காட்டினர். ஒரு வினாடியைக் கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்துக் கோடியாகப் பகுத்தால் வருவதே ஒரு பெம்டோ வினாடி. அந்நாட்டின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், கோபால்ட்டும் கடோலினியமும் அடுக்கிய படலங்களில் ஒளியால் எழுதிய புள்ளிகளை மின்னோட்டத்தால் நகர்த்தும் ஆய்வை 2019இல் வெளியிட்டனர். அதன்பின் ஒளிச்சில்லின்மேலேயே அவற்றைப் படிக்கும் அமைப்புகளை வகுத்து ஆராய்ந்தனர். இவை யாவும் இன்னும் ஆய்வுக்கூடத்து முயற்சிகளே; கடையில் வாங்கத்தக்க பொருளாகவில்லை. பாரடேயின் கண்ணாடித் துண்டும் ஒருநாள் அவ்வாறே இருந்தது.

இச்செய்திகள் தொலைவானவை, தோட்டத்து மக்களின் வழித்தோன்றல்களுக்குத் தொடர்பற்றவை என்று கருதுதல் தவறாகும். 1970களுக்குப் பின் மின்னணுத் தொழிற்சாலைகள் இந்நாட்டில் பெருகியபோது, உளி பிடித்த தாய்மாரின் புதல்வியர் பலர் சீருடை அணிந்து ஆலைப் பேருந்துகளில் ஏறினர். சிரம்பானை அடுத்த செனவாங்கிலும் குறைகடத்தித் தொழில் வேரூன்றியது. நுண்ணோக்கியில் கண் பதித்து, முடியினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லில் பொருத்துவது அத்தொழிலின் வேலைகளுள் ஒன்று. கண்ணும் கையும் பொறுமையும் அவர்கள் தந்தனர். ஆனால் அச்சில்லு எவ்வாறு எண்ணுகின்றது, எவ்வாறு நினைவிற் கொள்கின்றது என்பதை அவர்களுடைய மொழியில் எடுத்துரைப்பார் எத்துணைப் பேர் இருந்தனர்? உழைப்புக்கு அழைக்கப்பட்டவர்கள் அறிவுக்கும் அழைக்கப்பட வேண்டும்.

2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கொள்கை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. 2009இல் அக்கொள்கை கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, பாடங்கள் படிப்படியாகத் தாய்மொழிக்குத் திரும்பின. அவ்வாண்டுகளில் எழுந்த வாதங்களில், தமிழில் அறிவியலைச் சொல்ல இயலுமா என்னும் ஐயமும் ஒலித்தது. கே. எஸ். கிருஷ்ணன் அவ்வையத்துக்கு முன்பே தம் எழுத்தால் விடையளித்தவர். உலக அரங்கில் ஆங்கிலத்தில் ஆய்வுரை வழங்கிய அவர், தமிழ் மக்களுக்காகத் தமிழிலேயே அறிவியல் கட்டுரைகள் வரைந்தார். ஆங்கிலத்தை வெறுத்தல் அறிவுடைமையன்று. தமிழை விலக்கி வைத்தலும் அறிவுடைமையன்று. வலஞ்சுழி, இடஞ்சுழி என்னும் சொற்கள் சங்கையும் கோலத்தையும் கண்ட மக்கள் நாவில் முன்பே இருந்தவை. அவற்றைக் கொண்டே கெர் விளைவின் உட்பொருளைச் சிறுவனுக்கும் விளக்கிவிடலாம். சொல் இல்லாமை அன்று குறை. சொல்லிக் கொடுக்கும் முயற்சி இல்லாமையே குறை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. இரப்பர்க் காடுகள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, மாணவர் குறைந்த தோட்டப் பள்ளிகள் சில இடம் பெயர்ந்தன, சில மூடப்பட்டன. அத்தோட்டங்களின் நினைவு இன்று எஞ்சியிருப்பது முதியோர் நெஞ்சங்களிலும், மங்கிய நிழற்படங்களிலும், பரணில் கிடக்கும் ஒலிநாடாக்களிலுந்தாம். தாலாட்டும் ஒப்பாரியும் திருவிழாப் பாட்டும் அந்நாடாக்களில் காந்த எழுத்தாக உறங்குகின்றன. காந்தம் நீண்டநாள் காக்கும், என்றென்றும் காக்காது. பூச்சு உதிரும், ஈரம் ஏறும், படிக்கும் கருவியும் கடைகளிலிருந்து மறையும். மினிடிஸ்க்குக்கு நேர்ந்தது அவற்றுக்கும் நேர்ந்துகொண்டிருக்கின்றது. ஆகவே அவற்றைப் புதிய தட்டுகளில் படியெடுத்து வைத்தல், ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் வட்டாரத்தளவில் மேற்கொள்ளக்கூடிய பணியாகும். ஆசிரியர் வழிகாட்ட, மாணவர் தம் பாட்டி தாத்தாவின் குரலைப் பதிவு செய்து, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்துவைத்தால், அறிவியல் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒன்றாகவே நிகழும்.

காந்தப் புள்ளி தானாகப் பேசுவதில்லை. அதன்மீது ஒளி விழ வேண்டும். விழுந்த ஒளியின் சாய்வைக் காணும் கண் வேண்டும். கண்டதன் பொருளை உணரும் அறிவு வேண்டும். கிளாஸ்கோவில் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், மெருகிட்ட இரும்பின்மீது விழுந்த ஒளியைப் பொறுமையோடு நோக்கியதால் உலகம் ஒரு புதிய எழுத்தைப் படிக்கக் கற்றது. ரஹாங்கிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களின் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள், அத்தகைய கண்ணுடையவர் இருத்தல் கூடும். அவர்களை இனங்கண்டு, இரண்டு கறுப்புக் கண்ணாடிகளை அவர்கள் கையில் கொடுத்து, ஒளி ஏன் மறைந்தது என்று தமிழிலேயே வினவுவது ஆசிரியர் கடன்.